ட்ரூவில் கடற்கரை ஓவியத்தை முழுமையாக வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில், மாணவர் பகுதியில், வாரம் ஓர் உலக ஓவியத்தை வெளியிட்டு வருகிறீர்கள். அந்த வரிசையில் அண்மையில் பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனே 1870ஆம் ஆண்டில் வரைந்த 'ட்ரூவில் கடற்கரை' இடம்பெற்றது. அடுத்த வாரமே வாசகர் ஒருவர், வெள்ளைக்காரப் பணக்காரப் பெண் கடற்கரையில் பொழுது போக்கும் படத்தால் தோட்டப்புற மாணவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்றும், கண்ணும் மூக்கும்கூட ஒழுங்காக வரையப்படாத அந்தக் கிறுக்கலுக்குப் பதிலாகப் பயிற்சி வினாக்களை அச்சிட்டிருக்கலாம் என்றும் எழுதியிருந்தார். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் நெடுங்காலம் கலைக்கல்வி கற்பித்தவள் என்ற முறையில் அவருக்கு மறுமொழி சொல்ல விரும்புகிறேன். அதற்கு முன்பாக, தாங்கள் வெளியிட்ட படத்தில் நேர்ந்திருக்கும் ஒரு குறையைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது.

தாங்கள் அச்சிட்ட படத்தில் வெள்ளை உடை அணிந்த ஒரு பெண் மட்டுமே இருக்கிறார். மூல ஓவியத்தில் இருவர் இருக்கிறார்கள். இடப்புறம் வெள்ளை உடையும் பூ வைத்த தொப்பியும் அணிந்து குடையுடன் அமர்ந்திருப்பவர் மோனேயின் மனைவி கமீல். வலப்புறம் கறுப்பு உடையில், கறுப்புக் குடையின் கீழ் அமர்ந்திருப்பவர், மோனேக்கு இளம் வயதிலேயே திறந்த வெளியில் நின்று வரையக் கற்றுக்கொடுத்த மூத்த ஓவியர் யூஜேன் பூதேனின் மனைவியாக இருக்கலாம் என்று ஓவிய வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். இருவருக்கும் நடுவே யாரும் அமராத நாற்காலி ஒன்று கிடக்கிறது. பக்கத்தில் இருந்த இடத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக வலப்பாதி முழுவதும் வெட்டப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படி வெட்டியதால், நாற்காலியும் போய்விட்டது; கறுப்புக்கு அருகே இருப்பதாலேயே வெள்ளை அவ்வளவு ஒளியோடு தெரிகிறது என்னும் ஓவியத்தின் அடிப்படையும் போய்விட்டது. ஒரே வெயிலில், ஒரே காற்றில், பேச்சில்லாமல் அருகருகே அமர்ந்திருக்கும் இரண்டு பெண்களின் படம், யாரோ ஓர் அழகான பெண்ணின் தனிப்படமாகச் சுருங்கிவிட்டது. குறை கூறி எழுதிய வாசகர்மீது எனக்கு வருத்தமில்லை. அவருக்குக் காட்டப்பட்டது பாதிப் படம்தான்.

அவர் சொன்ன பணக்காரப் பெண் என்பதை எடுத்துக்கொள்கிறேன். ட்ரூவில் செல்வர்கள் கூடும் ஊர் என்பது உண்மை. பிரான்சின் வடக்கே நார்மண்டிக் கரையில் இருக்கும் அந்த ஊருக்கு 1863இல் ரயில் பாதை வந்து சேர்ந்த பிறகு, பாரிஸ் நகரத்து வசதி படைத்தோர் கோடைக்காலத்தில் அங்கே குவிந்தார்கள்; அவர்களுக்காகப் பெரிய விடுதிகள் எழுந்தன. ஆனால் ஓவியத்தில் இருக்கும் கமீல் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஓவியர்களுக்கு முன்னால் அமர்ந்தும் நின்றும் மாதிரியாக இருந்தவர் அவர். 1867இல் அவருக்கு மகன் ழான் பிறந்தபோது அவருக்கும் மோனேக்கும் திருமணம் ஆகியிருக்கவில்லை. மோனேயின் குடும்பத்தார் அந்த உறவை விரும்பவும் இல்லை. 1870ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள்தான் இருவரும் சட்டப்படி மணந்துகொண்டார்கள். அந்த ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சி மோனேயின் ஓவியங்களை ஏற்க மறுத்துவிட்டது. அந்நாளில் பிரான்சில் சலோனில் இடம் கிடைக்காத ஓவியருக்கு வாங்குபவர் கிடைப்பது அரிது. கையில் காசில்லாத அந்த நிலையில்தான் மூன்று வயதுகூட நிரம்பாத குழந்தையோடு இருவரும் ட்ரூவிலுக்கு வந்தார்கள்.

வந்த சில வாரங்களிலேயே, ஜூலை 19ஆம் நாள், பிரான்சு, ஜெர்மானிய அரசுகளில் பெரியதான பிரஷ்யாமீது போர் தொடுத்தது. இந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டு ஓவியத்தைத் திரும்பப் பார்க்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஓவியத்தில் போரின் அடையாளம் ஒன்றும் இல்லை. ஆனாலும், வெயிலில் சும்மா அமர்ந்திருக்கும் இந்தப் பெண்ணின் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவருக்கோ வரைந்துகொண்டிருந்த கணவருக்கோ தெரியாத கோடை அது. இலையுதிர்காலத்துக்குள் குடும்பம் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. மோனேயின் நெருங்கிய நண்பரும், அவர் வறுமையில் தவித்தபோது அவருடைய பெரிய ஓவியம் ஒன்றைத் தவணை முறையில் பணம் கொடுத்து வாங்கியவருமான இளம் ஓவியர் பிரெதெரிக் பசீல், நவம்பர் 28ஆம் நாள் போர்க்களத்தில் இறந்தார். கமீலும் நீண்ட நாள் வாழவில்லை. 1879ஆம் ஆண்டு செப்டம்பரில், 32ஆம் வயதில், நோயில் இறந்துபோனார். இத்தனையும் அறிந்த பிறகு அவரைப் பணக்காரப் பெண் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது, கிறுக்கல் என்ற குற்றச்சாட்டு. இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் வகுப்பறைகளிலும் பெற்றோரிடமும் அடிக்கடி எழும் குற்றச்சாட்டு இது. அந்த ஓவியம் ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் உயரமும் 46 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. பள்ளியில் பயன்படுத்தும் ஏ3 தாளைவிடச் சற்றே பெரியது. அந்தக் காலத்தில் முறையான ஓவியர் என்று பெயர் எடுக்க விரும்பியவர்கள், வெளியில் சிறிய முன்வரைவுகளை எடுத்துக்கொண்டு, பிறகு ஓவியக்கூடத்தில் மாதக்கணக்கில் அமர்ந்து, தூரிகைத் தடம் தெரியாமல் வழவழப்பாக முடிப்பார்கள். மோனே கடற்கரையிலேயே அமர்ந்து, காற்றும் ஒளியும் மாறிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய்ச் சாயத்தில் நேரடியாக வரைந்தார். 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் தகரத்தால் ஆன சாயக் குழாயைக் கண்டுபிடித்திருந்ததால் இப்படி வரைவது எளிதாகியிருந்தது. அதற்கு முன்பு பெரும்பாலும் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்த சாயத்தைத்தான் ஓவியர்கள் எடுத்துச் சென்றார்கள், அது எளிதில் வெடித்தும் காய்ந்தும் வீணாகும்.

மோனே கடற்கரையிலேயே வரைந்தார் என்பதற்கு ஓவியமே சாட்சி சொல்கிறது. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் ஆய்வாளர்கள் இந்த ஓவியத்தை உருப்பெருக்கிக் கருவிகளின் கீழ் ஆராய்ந்தபோது, சாயத்துக்குள் மணல் துகள்களும் சிப்பித் துணுக்குகளும் சிக்கிக் காய்ந்திருப்பதைக் கண்டார்கள். காற்று வீசியபோது ஈரச் சாயத்தில் பறந்து வந்து ஒட்டிக்கொண்ட ட்ரூவில் மணல் அது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக அந்த மணல் அந்தத் துணியிலேயே இருக்கிறது. கலைக்கல்வி கற்பித்த காலத்தில் மாணவர்களிடம் நான் சொன்ன செய்திகளில் அவர்களை இதைப்போல வியக்க வைத்தது வேறொன்றும் இல்லை. ஓவியம் என்பது அச்சடித்த படம் என்று எண்ணியிருந்த பிள்ளைகள், அது ஓர் இடத்தில், ஒரு நாளில், ஒருவர் கையால் செய்யப்பட்ட பொருள் என்று புரிந்துகொண்டது அந்த மணலால்தான்.

இனி, முகம் ஏன் தெளிவாக இல்லை என்ற கேள்விக்கு வருகிறேன். கடற்கரை வெயிலில், தொப்பியின் நிழல் விழுந்த முகத்தைச் சில அடி தள்ளி நின்று பாருங்கள். கண்ணிமையையும் மூக்கின் நுனியையும் எண்ணிப் பார்க்க முடியாது. நிழலின் நிறமும், கன்னத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும்தான் முதலில் தெரியும். மோனே தாம் கண்டதை மட்டும் வைத்தார். கண்ணுக்குத் தெரியாமல், அறிவுக்கு மட்டும் தெரிந்ததைச் சேர்க்கவில்லை. கமீலின் உடையைப் பாருங்கள். வெள்ளை உடை என்று நாம் சொல்கிறோம், ஆனால் அதில் தூய வெள்ளை கொஞ்சமே இருக்கிறது. மடிப்புகளில் சாம்பலும் நீலமும் கலந்து ஓடுகின்றன. நிழல் என்றால் கறுப்பு என்ற பழைய வழக்கத்தை அவர் கைவிட்டார், அதேசமயம் வலப்புறப் பெண்ணின் உடைக்குக் கறுப்பு தேவைப்பட்ட இடத்தில் அதை அஞ்சாமல் அள்ளி வைத்தார். துணியின்மேல் முதலில் பூசிய வெளிறிய அடிப்பூச்சு பல இடங்களில் மூடப்படாமல் அப்படியே தெரிகிறது. அதுவே அந்த இடங்களில் மணலின் நிறமாகவும் ஒளியாகவும் நிற்பதால், அதை மூடியிருந்தால் ஓவியம் கனத்துப்போயிருக்கும். இவையெல்லாம் அவசரத்தில் விட்ட குறைகள் அல்ல. பட்டையான தூரிகையால் ஒரே இழுப்பில் ஒரு குடையின் விளிம்பை நிறுத்துவதற்கு எத்தனை ஆண்டுப் பயிற்சி வேண்டும் என்பது தூரிகை பிடித்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கும் பந்திங் பிள்ளைகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. எங்கள் பள்ளிகளில் கடற்கரையை வரையச் சொன்னால், இரண்டு மலை, நடுவில் கதிர் விரிக்கும் சூரியன், ஒரு தென்னை மரம், அடர்ந்த நீலத்தில் கடல் என்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஒரே படத்தை வரைந்து தருவார்கள். அவர்கள் போய்வந்த கடற்கரை மோரிப். மோரிப்பில் மலை இல்லை. மலாக்கா நீரிணையின் அந்தக் கரையில் ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் வண்டலால் கடல் பெரும்பாலும் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில்தான் இருக்கும். நீர் வற்றும் நேரத்தில் கரையிலிருந்து வெகுதூரம் வரை ஈரச் சேறு மின்னிக்கொண்டு கிடக்கும். அந்தச் சேற்றின்மேல் பிற்பகல் வானம் விழும்போது தோன்றும் வெள்ளியும் ஊதாவும் எந்த நீலக் கடலுக்கும் குறைந்தவை அல்ல. பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள், ஆனால் வரையும்போது அது தப்பு என்று எண்ணி நீலத்தை எடுக்கிறார்கள். நிறப்பெட்டியில் கடலுக்கு என்று ஒரு நிறம் ஒதுக்கப்பட்டிருப்பதாக நாம்தான் அவர்களுக்குப் பழக்கிவிட்டோம். கண்ணால் கண்டதை நம்பி வரையலாம் என்ற துணிவை, கண நேரத்து ஒளியையும் நிறத்தையும் கண்டபடியே பதிவு செய்யும் இந்த இம்ப்ரஷனிச வகை ஓவியம் கொடுக்கும். நார்மண்டிக் கடற்கரையைப் பார்த்து அப்படியே வரைய வேண்டும் என்பதற்காக அதை நான் வகுப்பில் காட்டவில்லை, மோரிப் கடற்கரையைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் காண வேண்டும் என்பதற்காகத்தான் காட்டினேன். பழுப்பு நிறத்தில் கடலை வரைந்த ஒரு மாணவியின் தாளுக்கு அழுக்காக இருக்கிறது என்று சொல்லிக் குறைந்த மதிப்பெண் இடப்பட்டதை நான் அறிவேன். அதை இன்று நினைத்தாலும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

இன்னொரு காரணம் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. மோனே இந்த ஓவியத்தை வரைந்த 1870ஆம் ஆண்டில் மலாயாவில் ஒரு பால்மரத் தோட்டமும் இல்லை. ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்ததே 1877இல்தான். ஆனால் நம் மக்கள் அப்போதே இங்கே இருந்தார்கள். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள புரொவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று தொடங்கி, காப்பியும் ரப்பரும் செம்பனையும் வந்த காலங்கள் முழுவதிலும், தோட்டத்துப் பெண்களைக் காட்டும் படங்களாக நான் பார்த்தவற்றில் அவர்கள் பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், வரிசையாக நிற்கிறார்கள், அல்லது பால்வாளியோடு மரத்தடியில் நிற்கிறார்கள், அல்லது ஆயாக்கொட்டகை வாசலில் பிள்ளையை ஒப்படைக்கிறார்கள். வேலையின் அடையாளமாகவே அவர்கள் படமாக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருத்தி வேலையின்றி, யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய தேவையின்றி, கடலோரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதைக் காட்டும் ஓவியம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

அப்படி அவர்கள் உட்கார்ந்ததில்லையா? உட்கார்ந்தார்கள். பொது விடுமுறை நாட்களில் தோட்டத்து லாரியில் குடும்பம் குடும்பமாக மோரிப்புக்கு வந்தவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். பிள்ளைகள் தண்ணீருக்கு ஓடிய பிறகு, புளிச்சோற்றுத் தூக்குச்சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மரநிழலில் விரித்த பாயில் காலை நீட்டி உட்கார்ந்து, வெயிலுக்குக் கறுப்புக் குடையைச் சாய்த்துப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தைமார்களையும் பெரியம்மாக்களையும் எங்கள் தலைமுறையில் யார்தான் பார்க்கவில்லை? அதிகாலை இருட்டில் எழுந்து பால் வெட்டிய கைகள் அன்று ஒரு நாள் மடியில் சும்மா கிடந்தன. வெட்டப்பட்ட வலப்பாதியில் இருக்கும் அந்தக் கறுப்பு உடைப் பெண்ணையும் அவருடைய கறுப்புக் குடையையும் எங்கள் பிள்ளைகள் பார்த்திருந்தால், அவரைத் தங்கள் வீட்டுப் பெண்களில் ஒருவராக உடனே அடையாளம் கண்டிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு பெண் ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருக்கும் நேரமும் கவனித்து வரையத் தக்கது என்று மோனே கருதினார். நம் வீட்டுப் பெண்களின் ஓய்வும் அவ்வாறே மதிக்கப்பட வேண்டும் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றுவதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பயிற்சி வினாக்களுக்கு நான் எதிரி அல்லள். தங்கள் நாளிதழில் அவற்றுக்கு ஏற்கெனவே போதிய பக்கங்கள் இருக்கின்றன. ஓவியத்துக்கு இருப்பது வாரத்துக்கு ஒரு கால் பக்கம். அதையும் எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓவியக் கண்காட்சிகளுக்குப் போக வழி இருக்கிறது. தோட்டத்தையும் சிறுபட்டணத்தையும் சேர்ந்த பல பிள்ளைகளுக்கு அந்தக் கால் பக்கம்தான் ஓவியக்கூடம்.

ஆகவே, 'ட்ரூவில் கடற்கரை' ஓவியத்தை மீண்டும் ஒருமுறை, நான்கு விளிம்புகளும் தெரிய, வெட்டாமல், வண்ணத்தில் வெளியிட வேண்டுகிறேன். மோனே 1926இல் இறந்தவர். ஓவியத்தின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. சாமுவேல் கோர்ட்டால்டு என்னும் துணி ஆலை உரிமையாளர் அளித்த நிதியைக்கொண்டு 1924இல் வாங்கப்பட்டு, அது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அந்தக் கூடத்தின் இணையத்தளத்தில் ஓவியத்தைப் பெரிதாக்கிக் கட்டணமின்றிப் பார்க்கலாம். வகுப்பில் படவீழ்த்தி (புரொஜெக்டர்) இருக்கும் ஆசிரியர்கள் அதைச் சுவரில் காட்டி, பிள்ளைகளைத் தூரிகைத் தடங்களைத் தேடச் சொல்லலாம். இனி வெளியிடும் ஒவ்வோர் ஓவியத்தின் கீழும் அது வரையப்பட்ட ஆண்டு, அதன் உண்மையான அளவு, இப்போது இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரு வரியில் குறிப்பிட்டால் ஆசிரியர்களுக்குப் பேருதவியாக இருக்கும். குறிப்பாக அளவு தெரியாவிட்டால், சுவரளவு ஓவியமும் கையளவு ஓவியமும் நாளிதழில் ஒன்றுபோலவே தோன்றிவிடுகின்றன.

அடுத்த வாரங்களில் பெர்த் மொரிசோ 1869இல் வரைந்த 'லோரியான் துறைமுகம்' ஓவியத்தையும் வெளியிடுமாறு பரிந்துரைக்கிறேன். நீரோரக் கல்சுவரில் வெள்ளை உடையும் குடையுமாக அமர்ந்திருக்கும் தம் அக்காள் எத்மாவை மொரிசோ அதில் வரைந்திருக்கிறார். இம்ப்ரஷனிச ஓவியர்கள் 1874இல் பாரிஸில் நடத்திய முதல் கண்காட்சியில் பங்கேற்ற பெண் ஓவியர் அவர். கமீலைக் கணவர் பார்த்து வரைந்ததையும், எத்மாவைத் தங்கை பார்த்து வரைந்ததையும் ஒரே பக்கத்தில் அருகருகே வைத்தால், எங்கள் மாணவிகள் அதைப் பற்றி எழுதி அனுப்புவதற்கு நிறையவே இருக்கும். அதோடு, வரும் பள்ளி விடுமுறையில் மோரிப் கடற்கரையில் தங்கள் அம்மாவையோ பாட்டியையோ அமர வைத்து, அங்கேயே வரைந்து முடித்த படங்களை மாணவர்களிடமிருந்து கேட்டுப் பெற்று, மாணவர் பகுதியில் வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கடலை எந்த நிறத்தில் வரைய வேண்டும் என்று மட்டும் அறிவிப்பில் சொல்லிவிடாதீர்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளிக் கலைக்கல்வி ஆசிரியை,
பந்திங், சிலாங்கூர்.